மண்டையோட்டுக்குள் ஒரு வெண்புள்ளி

வலிப்பு வந்த ஒரு சிறுவனின் தலையைச் சி.டி. யந்திரத்தில் படமெடுத்துப் பார்த்தால், மூளையின் மேற்பரப்பை ஒட்டி, நிலக்கடலைப் பருப்பளவே உள்ள ஒரு வெண்மையான புள்ளியோ வளையமோ தென்படுவதுண்டு. நம் நாட்டில் இது அபூர்வமான காட்சியன்று. 1980-ஆம் ஆண்டுகளில் சி.டி. யந்திரங்கள் பெருநகர மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கியபோது, இச்சிறு வளையம் நாட்டின் பல பகுதிகளிலும் வைத்தியர்களின் கண்ணிற் பட்டது. அது யாது என்பதில் அவர்களிடையே ஒருமித்த கருத்து ஏற்படப் பல ஆண்டுகள் பிடித்தன. அதற்கிடையில் குழந்தைகள் பலர், தமக்கு இல்லாத ஒரு நோய்க்கு மாதக்கணக்கில் மருந்துண்டு வந்தனர். படத்தில் யாதொரு குறையும் இல்லை. படத்திற்கு இட்ட பெயரிலேதான் பிழை இருந்தது.

தலையையும் கழுத்தையும் படமெடுக்கும் முறைகள் இன்று பலவாகப் பெருகிவிட்டன. மாவட்டத் தலைநகரங்களிற்கூட அவை கிடைக்கின்றன. நோயாளியை முதலிற் காண்பவர் பெரும்பாலும் வைத்தியர் அல்லர். வகுப்பறையிலுள்ள ஆசிரியரும், வீடு வீடாகச் செல்லும் சுகாதார ஊழியருமே. ஆகவே, இப்படங்கள் எதைச் சொல்ல வல்லவை, எதைச் சொல்ல மாட்டாதவை என்பதை அவர்கள் அறிந்திருப்பது பயனுடையதாகும்.

எலும்புக்குப் பின்னால்

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி, ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்தார். கையெலும்பையும் காலெலும்பையும் படமெடுக்க அக்கதிர்கள் உடனே பயன்பட்டன. ஆனால் தலை மட்டும் எளிதில் வசப்படவில்லை. மண்டையோடு கதிர்களைப் பெரிதும் தடுத்துவிடுகிறது. உள்ளே இருக்கும் மூளை, இரத்தம், மூளை நீர் ஆகிய மூன்றும் எக்ஸ்-கதிருக்கு ஏறக்குறைய ஒரே தன்மையுடையன. ஆதலால் சாதாரண எக்ஸ்-ரே படத்தில் எலும்பு முறிவு தெரியும், பாய்ந்த தோட்டா தெரியும், மூளை தெரியாது.

இத்தடையை நீக்க வைத்தியர்கள் கையாண்ட முறைகள் துணிச்சலானவை. நோயாளிக்குத் துன்பந் தருபவையும் ஆகும். 1918-இல் அமெரிக்க ரண சிகிச்சை நிபுணர் வால்ட்டர் டாண்டி, மண்டையோட்டில் துளையிட்டு, மூளையின் உட்குழிகளிலுள்ள நீரைச் சிறிது எடுத்துவிட்டு, அதன் இடத்திற் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். காற்று நிறைந்த குழிகள் படத்திற் கறுப்பாகத் தெரிந்தன. மறு ஆண்டில் முதுகுத் தண்டின் வழியாகவே காற்றைச் செலுத்தும் முறையையும் அவர் வெளியிட்டார். நோயாளிகள் கடுந் தலைவலியாலும் வாந்தியாலும் அவதியுற்றனர். 1927-இல் லிஸ்பன் நகரில் எகாஸ் மோனிஸ் என்பவர், கதிரைத் தடுக்கும் மருந்தொன்றைக் கழுத்துத் தமனியில் ஏற்றி மூளையின் இரத்தக் குழாய்களைப் படமெடுத்தார். இவ்விரு முறைகளிலும் கட்டி நேராகத் தெரிவதில்லை. குழியோ குழாயோ இடம் பெயர்ந்திருப்பதைக் கொண்டு, அங்கே ஏதோ வளர்ந்திருக்க வேண்டும் என்று ஊகிப்பதே வழக்கம். சுவர் சாய்ந்திருப்பதைப் பார்த்து, மறுபுறம் எதுவோ முட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்வதைப் போன்றது அது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் வைத்திய உலகம் இந்த ஊகத்தைக் கொண்டே காரியம் பார்த்தது.

விடுதலை தேடித் தந்தவர் வைத்தியர் அல்லர். இசைத்தட்டுகளுக்குப் பெயர்போன இ.எம்.ஐ. என்ற ஆங்கிலக் கம்பெனியில் வேலை பார்த்த காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியியல் அறிஞரே அவர். அவருடைய அடிப்படைக் கருத்து எளிமையானது. தோப்பின் ஒரு பக்கத்தில் நின்று பார்ப்பவனுக்கு மரங்கள் ஒன்றையொன்று மறைத்து நிற்கும். தோப்பைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கோணத்திலும் எங்கே வெளிச்சம் தெரிகிறது, எங்கே மறைகிறது என்று குறித்துக் கொள்பவனோ, எந்த மரம் எங்கே நிற்கிறது என்பதை உள்ளே புகாமலே வரைந்துவிடலாம். கதிர்க் குழாயைத் தலையைச் சுற்றித் திருப்பி, மெல்லிய கதிரை ஒவ்வொரு கோணத்திலும் செலுத்தி, மறுபுறம் வெளிவரும் கதிரை அளந்து, அவ்வளவுகளைக் கணிப்பொறியில் இட்டால் தலையின் ஒரு குறுக்கு வெட்டு கிடைத்துவிடும் என்று அவர் கண்டார். முதற் சோதனையில் ஒரு பொருளை அளந்து முடிக்க 9 நாட்கள் ஆயின. கதிரின் மூலத்தை மாற்றிய பின் 9 மணி நேரமாயிற்று. கசாப்புக் கடையிலிருந்து கொணர்ந்த காளையின் மூளைகளை வைத்து அவர் ஆராய்ந்தார். 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி, லண்டனை அடுத்த விம்பிள்டனில் உள்ள மருத்துவமனையொன்றில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை இம்முறையிற் படமெடுக்கப்பட்டது. ஒரு வெட்டுக்கு 28,800 அளவுகள். படத்தில் 80-க்கு 80 ஆக 6,400 கட்டங்கள். மூளைக்குள் இருந்த கட்டி அப்படத்தில் நேராகவே தெரிந்தது. இதற்குரிய கணிதத்தைத் தென்னாப்பிரிக்காவிற் பிறந்த ஆலன் கார்மக் முன்னரே தனியாக ஆராய்ந்து வெளியிட்டிருந்தார். 1979-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சி.டி. படத்தின் ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்குப் பூஜ்யம், காற்றுக்குக் கழித்தல் 1,000. மூளைத் திசு ஏறத்தாழ 20 முதல் 40 வரை. புதிதாகக் கசிந்த இரத்தம் 60 முதல் 80 வரை. எலும்பு பல நூறுகள். மரத்திலிருந்து விழுந்த குழந்தையின் தலைக்குள் இரத்தக் கசிவு உண்டா என்பதைச் சில நிமிடங்களிற் சொல்லிவிட முடிவது இதனால்தான். இங்கே ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மண்டையோட்டுக்கும் மூளையின் உறைக்கும் இடையே இரத்தம் கசியும்போது, விழுந்த குழந்தை சிறிது நேரம் நன்றாகவே பேசித் திரியும். பிறகு தூக்கம் போன்ற மயக்கத்தில் ஆழ்ந்துவிடும். விழுந்த பின் எழுந்து நடந்தது என்பதை மட்டும் நம்பி வீட்டிற்கு அனுப்பிவிடலாகாது. வாந்தி, மயக்கம், அதிகரிக்கும் தலைவலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காலதாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வளையத்தின் பெயர்

இனி அந்த வெண்புள்ளியின் வரலாற்றுக்கு வருவோம். அயோடின் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றிப் பின் படமெடுக்கும்போதுதான் அது தெளிவாகத் தெரியும். மூளையின் இரத்தக் குழாய்கள் சாதாரணமாக எதையும் வெளியே கசிய விடுவதில்லை. அழற்சி உள்ள இடத்தில் அக்காவல் தளர்ந்து, மருந்து கசிந்து, வெண்மையாகத் தெரிகிறது. ஆகவே அவ்வெண்மை ‘இங்கே அழற்சி உண்டு’ என்று மட்டுமே சொல்லுகிறது. அழற்சிக்குக் காரணம் யாதென்று அது சொல்லுவதில்லை.

காசநோய் மிகுந்த நாட்டில் எந்த நிழலைக் கண்டாலும் காசநோய் நினைவுக்கு வருவது இயல்பே. மூளையிற் காசநோய்க் கட்டி உண்டாவதும் உண்மை. ஆதலின் வளையம் தெரிந்த குழந்தைகளுக்குக் காசநோய் மருந்துகள் கொடுக்கப்பட்டன. சில மாதங்களில் வளையம் மறைந்தது. மருந்தால் மறைந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தனர். ஆனால் காசநோய் மருந்து உண்ணாத நோயாளிகளிடமும் அது தானே மறைவதைச் சிலர் கண்டனர். வலிப்பின் விளைவாகவே அப்புள்ளி தோன்றுகிறது என்று வேறு சிலர் கருதினர். ஒரே படத்தை வைத்துக்கொண்டு மூன்று கட்சிகள் வாதாடின.

இவ்வாதத்தைத் தீர்க்கப் படத்தை விட்டுத் திசுவையே நோக்க வேண்டியிருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகிய மூளை ரண சிகிச்சை நிபுணர்களும் அவர்களுடைய சகாக்களும் அவ்வேலையை மேற்கொண்டனர். தலையில் ஓர் உலோகச் சட்டத்தைப் பொருத்தி, சி.டி. படத்தின் அளவுகளைக் கொண்டு இடத்தைத் துல்லியமாகக் குறித்து, அச்சிறு முடிச்சை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். 1991-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. பெரும்பாலானவற்றிற் காசநோயின் அடையாளம் காணப்படவில்லை. அங்கே இருந்தது பன்றி நாடாப்புழுவின் இளம் பருவம். மடிந்துகொண்டிருக்கும் புழுவைச் சுற்றி உடல் எழுப்பிய அழற்சிச் சுவரே படத்தில் வளையமாகத் தெரிந்தது.

அதன் பின் 1993-இல் அவர்கள் கூறிய விதிகள் எளியவை. முடிச்சு ஒன்றே ஒன்றாக, 20 மி.மீ.-க்குச் சிறியதாக இருக்க வேண்டும். மூளையின் நடுக்கோடு விலகியிருக்கலாகாது. மண்டைக்குள் அழுத்தம் மிகுந்த அறிகுறியோ, நாளுக்கு நாள் வளரும் பலக்குறைவோ இருத்தலாகாது. இவ்வளவும் பொருந்தினால் அது புழுவின் முடிச்சாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. வலிப்பு மருந்தைக் கொடுத்து, சில மாதங்கள் கழித்து மீண்டும் படமெடுத்துப் பார்க்கலாம். விதிகளிற் பாதி படத்திலிருந்து கிடைக்கின்றன. மறு பாதி நோயாளியைத் தொட்டும் கேட்டும் அறிய வேண்டியவை. காரணம் தெரியாமல் காசநோய் மருந்தைத் தொடர்ந்து உண்பது சிறு விஷயமன்று. ஈரலுக்குத் தீங்கு நேரலாம்; வலிப்பு மருந்தின் வலிமையும் குறையலாம்.

இப்புழு நம் நாட்டிற்குப் புதியதன்று. இந்தியாவில் ஊழியம் புரிந்து திரும்பிய ஆங்கிலச் சிப்பாய்களிடையே இந்நோய் மிகுந்திருந்ததை ஆராய்ந்து, 450 நோயாளிகளைப் பற்றிய அறிக்கையொன்று 1961-இல் பிரிட்டனில் வெளிவந்தது. சி.டி. இல்லாத அக்காலத்தில் தொடைத் தசையை எக்ஸ்-ரே எடுத்து, சுண்ணாம்பேறிய புழுக்கள் அரிசி மணிகளைப்போற் சிதறிக் கிடப்பதைக் கொண்டு நோயை நிர்ணயித்தார்கள்.

பன்றி இறைச்சி உண்பவருக்கே இந்நோய் வரும் என்று மக்கள் நினைப்பது தவறு. சரியாக வேகாத பன்றி இறைச்சியால் குடலில் நாடாப்புழு உண்டாகிறது. அப்புழுவை உடையவரின் மலத்தில் முட்டைகள் வெளிவருகின்றன. அம்முட்டைகள் கழுவாத கையின் வழியாகவோ, சாக்கடை நீரில் விளைந்த பச்சைக் காய்கறியின் வழியாகவோ மற்றொருவரின் வயிற்றுக்குட் செல்லும்போதுதான் மூளை தாக்கப்படுகிறது. ஆதலால் வாழ்நாளில் இறைச்சியையே தீண்டாத குடும்பத்துக் குழந்தைக்கும் இது வரும். புழு உயிரோடிருக்கும் வரை ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிக் கிடந்து, மடியும் தறுவாயில் வலிப்பை உண்டாக்குகிறது. கழிப்பறையும் சோப்பும் இந்நோயின் வரலாற்றில் சி.டி. யந்திரத்தை விடப் பெரிய இடம் பெற வேண்டியவை.

வகுப்பறையிற் கண்டது

வலிப்பைப் படம் காட்டுவதில்லை. அதைக் கண்ணாற் கண்டவர் பெரும்பாலும் ஆசிரியரே. முதலில் எந்தக் கை உதறியது? வாய் எந்தப் பக்கம் கோணியது? நினைவு உடனே தப்பியதா, சிறிது நேரங் கழித்தா? எத்தனை நிமிடம் நீடித்தது? இடக்கையில் தொடங்கிய வலிப்பு வலப்பக்க மூளையைச் சுட்டுகிறது. இத்தகைய குறிப்பு ஒரு சிறு காகிதத்தில் எழுதப்பட்டு வைத்தியரிடம் சென்றால், படத்தில் எந்த இடத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும் என்பது விளங்கிவிடும். ‘மயங்கி விழுந்தான்’ என்ற இரு சொற்களோடு அனுப்பப்படும் சிறுவனுக்கு வேண்டாத பரிசோதனைகள் நடப்பதும், வேண்டியது விட்டுப் போவதும் உண்டு.

வலிப்பு வந்த சிறுவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அருகிலுள்ள கூர்மையான பொருள்களை அகற்றினாற் போதும். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், பற்களுக்கிடையே கரண்டியைச் செலுத்துவதும் கூடாது. ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இக்குழந்தைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உள்ளது. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. அது 1999-இல்தான் நீக்கப்பட்டது. நோயைவிட அதன் பெயர் நீண்ட காலம் தண்டித்தது. ஒற்றை முடிச்சுள்ள குழந்தைகளில் மிகப் பலருக்கு முடிச்சும் மறைந்து வலிப்பும் அடங்கிவிடுகிறது.

கழுத்தில் ஒரு கட்டி

கழுத்திலும் இதே கேள்வி வேறு உருவில் எழுகிறது. இளம் வயதினரின் கழுத்துப் பக்கத்தில் நெறிக் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரண்டிருந்தால், நம் முன்னோர் அதைக் கண்டமாலை என்றனர். பெரும்பாலும் அது காசநோயே. மூளையில் இல்லாத காசநோயைக் கண்டதாக நினைத்தார்கள். கழுத்திலோ உள்ள காசநோயைச் சாதாரணக் கட்டியென்று விட்டுவிடுகிறார்கள். இங்கே கேளா ஒலி யந்திரம் மிக உதவும். ஒலி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குவதால் கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. கட்டி ஒன்றா பலவா, உள்ளே சீழ் உண்டா என்பது தெரிந்துவிடும். ஆனால் இறுதித் தீர்ப்பு இங்கும் ஊசியின் நுனியில்தான் இருக்கிறது. மெல்லிய ஊசியால் சிறிது திசுவை எடுத்துச் சோதித்தே காசநோயா, புற்றுநோயா என்று உறுதி செய்ய வேண்டும். புகையிலைப் பழக்கமுள்ள நடுவயதினரின் கழுத்தில் வலியற்ற, கல் போன்ற கட்டி தோன்றினால், வாயிலோ தொண்டையிலோ தொடங்கிய புற்று அங்கே பரவியிருக்கலாம். இரண்டு மூன்று வாரங்களில் வடியாத எந்தக் கட்டியையும் மேற்கொண்டு காத்திராமல் அனுப்புவதே முறை.

கேளா ஒலி யந்திரங்களுள் சில ஒரு பைக்குள் அடங்குபவை. கிராமத்திற்கே எடுத்துச் செல்லலாம். எனினும் கருவிலுள்ள சிசுவின் பாலினத்தைக் கண்டறிந்து பெண் கருவை அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994-இல் சட்டம் இயற்றப்பட்டது. யந்திரங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். விரும்பிய இடத்திற்கு எடுத்துச் செல்லவும் இயலாது. வேண்டிய சட்டமே, கழுத்துக் கட்டியுள்ள ஏழை பஸ் ஏறி நகரத்துக்குப் போவது அதற்கு நாம் கொடுக்கும் விலை.

கழுத்தின் முன்புறத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியைப் பற்றித் தென் கொரியா கற்ற பாடமும் அறியத்தக்கது. அங்கே நோய்க்குறி எதுவுமில்லாதவர்களும் கேளா ஒலியால் கழுத்தைப் பரிசோதித்துக் கொள்வது பெருவழக்காயிற்று. 2011-இல் கண்டறியப்பட்ட தைராய்டுப் புற்றுநோயின் விகிதம் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்காயிற்று. அந்த ஓராண்டில் மட்டும் 40,000-க்கு மேற்பட்டோருக்கு அந்நோய் உண்டென்று சொல்லப்பட்டது. ஆயினும் அந்நோயால் இறந்தவர் விகிதம் மாறவே இல்லை. வாழ்நாள் முழுதும் தீங்கு செய்யாமல் கிடந்திருக்கும் சிறு முடிச்சுகளை யந்திரம் கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததனால் ஆயிரக்கணக்கானோர் சுரப்பியை இழந்து ஆயுள் முழுதும் மாத்திரை உண்ண நேர்ந்தது. நம் நாட்டிலோ காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் தொடங்கிய புகழ்பெற்ற ஆராய்ச்சியில், ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் கழுத்தைக் கண்ணாற் பார்த்தும் விரலால் தொட்டுமே முன்கழுத்துக் கழலையைக் கணக்கெடுத்தனர். அயோடின் கலந்த உப்பு அதைத் தடுக்கும் என்பது அவ்வாறே நிறுவப்பட்டது. தலையை நேராக வைத்திருக்கையில் கண்ணுக்குத் தெரிந்தால் இரண்டாம் நிலை. கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்கு மட்டும் அகப்பட்டால் முதல் நிலை என்னும் கணக்கு, பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதிக்கும் ஊழியர்களுக்கு இன்றும் போதுமானது.

வாய்க்குள் வெளிச்சம்

வாய்ப் புற்றுநோய் நம் நாட்டிற்கு நேர்ந்த பெருந்துயரங்களுள் ஒன்று. புகையிலை, வெற்றிலைப் பாக்கு, குட்கா ஆகியவற்றை அடக்கி வைக்கும் கன்னத்தின் உட்புறத்திலேயே அது மிகுதியாகத் தோன்றுகிறது. அதன் தொடக்கம் மெல்லிய சவ்வின்மேல் ஒரு வெண்படலமோ, செம்படலமோ, ஆறாத புண்ணோ ஆகும். எந்தப் படத்திலும் அது தெரியாது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் 2004 வரை, 13 பஞ்சாயத்துப் பகுதிகளில் நடந்த பரிசோதனையில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் விளக்கொளியில் வாயைப் பார்த்தே ஐயத்திற்குரியவர்களைப் பிரித்தனர். புகையிலையோ மதுவோ உட்கொள்பவர்களிடையே வாய்ப் புற்றுநோயால் நேரும் மரணம், பரிசோதனை நடந்த பகுதிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-இல் வெளியான முடிவு கூறியது.

நோய் உறுதியான பின்னரே படத்தின் வேலை தொடங்குகிறது. தாடையெலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா, கழுத்து நெறிகளுக்குப் பரவியிருக்கிறதா, எவ்வளவு ஆழம் சென்றிருக்கிறது என்பவற்றைச் சி.டி.யும் காந்த அதிர்வுப் படமும் சொல்லுகின்றன. அறுவை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது இதனாலேயே தீர்மானமாகிறது. கன்னமும் ஈறும் ஒட்டிக்கொண்டிருப்பதால் படத்தில் எதில் கட்டியுள்ளது என்று தெரியாமற் போகும். அப்போது புல்லாங்குழல் ஊதுபவரைப் போலக் கன்னத்தை உப்பிக்கொள்ளுமாறு நோயாளியிடம் சொல்லிப் படமெடுப்பார்கள். இடையே புகுந்த காற்று இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். நூறாண்டுகளுக்கு முன் டாண்டி துளையிட்டுச் செலுத்திய அதே காற்று!

படமெடுக்கச் செல்லுமுன்

தலையின் சி.டி. ஒன்றினால் ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு உடலில் ஏறுகிறது. இயற்கையிலிருந்து ஓராண்டில் நாம் சராசரியாகப் பெறுவது 2.4. காரணமிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. காரணமின்றிக் குழந்தைகளுக்கு எடுக்கலாகாது. கர்ப்பிணிகள் அதனை முன்னரே சொல்லிவிட வேண்டும். காந்த அதிர்வுப் படத்தில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் 1.5 டெஸ்லா வலிமையுள்ள காந்தம் பூமியின் காந்தத்தைப் போல 30,000 மடங்கு ஆற்றல் உடையது. அது இரவும் பகலும் ஓய்வின்றி இயங்கிக்கொண்டே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், உறவினரின் பரிசோதனைக்காக ஆக்ஸிஜன் உருளையைக் கையிலெடுத்து அறைக்குட் சென்ற இளைஞர் காந்தத்தால் இழுக்கப்பட்டு மாண்டார். உடலில் பொருத்திய இதயத் துடிப்புக் கருவி, கண்ணிற் பதிந்த இரும்புத் துகள் முதலியவற்றை நோயாளி மறந்தாலும் உடன் செல்பவர் நினைவூட்ட வேண்டும்.

எடுத்த படத்தைப் பாதுகாப்பதும் ஒரு கடமையே. மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து எடுக்கும் இரண்டாவது படத்தைப் பழையதோடு ஒப்பிட்டால்தான், முடிச்சு சுருங்கியதா வளர்ந்ததா என்று வைத்தியர் சொல்ல முடியும். இக்காலத்துப் படத்தாள்களிற் பல வெப்பத்தால் பதிக்கப்படுபவை. தகரக் கூரையின் கீழோ அடுப்பருகிலோ கிடந்தால் முழுதும் கறுத்துப் போகும். மடிக்காமல், உறையிலிட்டு, பெட்டியின் அடியில் நிழலான இடத்தில் தட்டையாக வைத்து, மறுமுறை செல்லும்போது தவறாமல் எடுத்துச் செல்லும்படி பெற்றோரிடம் சொல்லி வைக்க வேண்டும்.